நோவும் சுபாவமும்

சில மாதங்களுக்கு முன்னர், நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையின்போது, பொதிகட்டும் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர் நான்காக மடித்த கடிதம் ஒன்றை என்னிடம் நீட்டினார். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். 2009இல் பட்ட செல்லின் துண்டொன்று இடுப்புக்குக் கீழே இன்னமும் கிடக்கிறது. பின்னர் தடுப்பில் வைத்துக் கைகளைப் பின்னால் கட்டித் தூக்கியதில் வலது தோள் கெட்டுப்போனது. கடிதம், வைத்திய நிபுணர் ஒருவர் இவருடைய குடும்ப வைத்தியருக்கு எழுதியது. பிரதி இவருக்கு வந்திருந்தது.

"சேர், இதிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்றார்.

நாட்பட்ட நோ என்று எழுதியிருந்தது. எக்ஸ்ரேயில் தெரிந்தது பற்றி இரண்டு வரி. அதன் கீழே, நோயாளி பதகளிப்பு ஆளுமை உடையவராகத் தோன்றுகிறார், அவருடைய நோவுக்கு இது கணிசமான காரணமாக இருக்கலாம் என்று ஒரு வரி. நான் அப்படியே சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. "பயந்த சுபாவமாம்" என்றேன். முதலில் சிரித்தார். பன்னிரண்டு வயதில் தகப்பனோடு இரவுக் கடலுக்குப் போனவர் அவர். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப நோ பொய்யெண்டோ எழுதியிருக்கினம்?" என்று கேட்டார்.

மணி அடித்துவிட்டது. அன்று அவருக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. இக்கட்டுரை அந்தப் பதிலைச் சரியாகச் சொல்லிப்பார்க்கும் முயற்சி. நான் வைத்தியனல்லன், ஒரு காலத்தில் மெய்யியல் கற்பித்தவன். ஆனால் இந்தக் கேள்வி வைத்தியர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஆளுமை, சுபாவம், பதகளிப்பு என்ற மூன்று சொற்களும் எமது சனங்களின் கோப்புகளில் இன்று தாராளமாக எழுதப்படுகின்றன. அவற்றை எழுதுகிறவர்களுக்கும் அவை எங்கிருந்து வந்தன என்பது எப்போதும் நினைவில் இருப்பதில்லை.

*

முதலில் நோவைப்பற்றி. டெகார்ட்டின் மனிதனைப் பற்றிய நூல், அவர் இறந்தபின் 1664இல் பிரெஞ்சில் வெளிவந்தது. அதில் நோ என்பது மணிக் கயிறு போன்றது. காலில் நெருப்புப் பட்டால் கயிறு இழுபடும், மூளையில் மணி அடிக்கும். எவ்வளவு சேதமோ அவ்வளவு நோ. எம்மில் பெரும்பாலானோர் இன்றும் இந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் வைத்தியரிடம் போகிறோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் கயிற்றை யாரும் இழுக்கவில்லை. ஆகவே நோயாளி பொய் சொல்கிறார், அல்லது அவருக்கு மனதில் கோளாறு.

இந்தப் படம் போர்க்களத்திலேயே உடைந்தது. ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர் 1944இல் இத்தாலியின் அன்சியோ கரையில் படுகாயமடைந்த படையினரைப் பார்த்தார். எலும்பு நொறுங்கியவர்கள், வயிறு கிழிந்தவர்கள். நோ தணிக்க மருந்து வேண்டுமா என்று கேட்டபோது ஏறக்குறைய முக்கால்வாசிப்பேர் வேண்டாம் என்றார்கள். பின்னர் அவர் சாதாரண வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட குடிமக்களைக் கேட்டபோது நிலைமை தலைகீழாக இருந்தது. காயம் சிறியது, மருந்து கேட்டவர்களோ மிகப்பெரும்பான்மை. பீச்சரின் விளக்கம் எளிமையானது. படையினனுக்குக் காயம் என்பது வீட்டுக்குப் போகும் சீட்டு. குடிமகனுக்கு அது பேரிடர்.

இந்த இடத்தில் நான் எப்போதும் முள்ளிவாய்க்காலை நினைப்பேன். அங்கே காயம் எவருக்கும் வீட்டுக்குப் போகும் சீட்டாக இருக்கவில்லை. காயப்பட்டவன் ஓடமுடியாதவன் ஆனான். பின்னர் முகாமிலும் சோதனையிலும் அதே காயம் அவனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமும் ஆனது. அன்சியோவின் காயமும் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவனின் காயமும் தசையளவில் ஒன்றாக இருக்கலாம். அவை சொன்ன செய்தி ஒன்றல்ல. இதைச் சொல்வதற்கு எவருடைய சுபாவத்தையும் இழுக்கத் தேவையில்லை.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்ற இருவர் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட படலைக் கோட்பாடு இதற்கு ஒரு பொறிமுறையைத் தந்தது. முள்ளந்தண்டு வடத்தில் ஒரு படலை இருப்பதுபோல. கீழிருந்து வரும் செய்தி அதனூடாகத்தான் மேலே போகவேண்டும். மூளையிலிருந்து இறங்கி வரும் செய்திகள் அந்தப் படலையைச் சாத்தவும் முடியும், அகலத் திறக்கவும் முடியும். கோட்பாட்டின் நுணுக்கங்கள் பலவும் பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் அச்சம், கவனம், எதிர்பார்ப்பு ஆகியவை நோவின்மேல் ஒட்டப்பட்ட அலங்காரங்கள் அல்ல, நோவை உண்டாக்கும் தொழிற்பாட்டின் உள்ளேயே இருப்பவை என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவை நாட்பட்டது என்கிறார்கள். அந்த அளவுக்கு நீண்டபின் நரம்புத் தொகுதியே கூர்மையடைந்துவிடலாம். ஆறிய காயத்திலும் மணி அடித்துக்கொண்டேயிருக்கும். அந்த நோவும் உண்மையான நோதான்.

*

இனிச் சுபாவம். மனிதரை வகைபிரிக்கும் ஆசை பழையது. கலென் நான்கு உடற்சாறுகளைக் கொண்டு நான்கு வகை மனிதரைச் சொன்னார். நாங்கள் வாதம், பித்தம், கபம் என்று மூன்றாக வைத்திருந்தோம். திருக்குறளின் மருந்து அதிகாரமும் அந்த மூன்றிலிருந்துதான் தொடங்குகிறது. அம்மம்மாமார் ஒரு பிள்ளையைப் பித்த உடம்பு என்றால் அது உடலையும் குணத்தையும் சேர்த்துச் சொன்ன சொல். இந்தப் பழைய வகைபிரித்தலில் ஒரு நன்மை இருந்தது. சாறு கூடும், குறையும், பத்தியத்தால் மாறும். சுபாவம் தலையெழுத்தாக இருக்கவில்லை.

நவீன காலத்தில் இதை எண்களாக மாற்றியவர்களில் முக்கியமானவர் ஹான்ஸ் ஐசெங்க். 1916இல் பெர்லினில் பிறந்து, நாஜிகளின் ஜேர்மனியை விட்டு வெளியேறி லண்டன் வந்து, மோட்ஸ்லி வைத்தியசாலையோடு இணைந்த உளமருத்துவ நிறுவகத்தில் உளவியல் துறையை உருவாக்கியவர். எங்களைப் போல ஓர் அகதி. நியூரோட்டிசிசம் என்ற அளவுகோலை அவர்தான் பரவலாக்கினார். இலகுவாகக் கலங்குதல், கவலைப்படுதல், கலங்கினால் மீள நேரமெடுத்தல் என்பனவற்றை ஒரு கோட்டில் வைத்து அளப்பது அது. தமிழில் 'கலங்கும் சுபாவம்' என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், மனிதருக்கிடையே இந்தக் கலங்கும் சுபாவத்தில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் பரம்பரையோடு தொடர்புடையது என்கின்றன. இதை ஒரு தனிமனிதரின் பயத்தில் பாதி பிறப்பால் வந்தது என்று வாசிப்பது பிழை. அந்த எண் ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றியது. அந்தக் கூட்டம் செல்லடிக்குள் வாழ்ந்த கூட்டமா, அமைதியான சுவீடிஷ் நகரத்துக் கூட்டமா என்பதைப் பொறுத்தும் அது மாறும்.

ஐசெங்க்கைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். சுபாவம் நோயை உண்டாக்கும் என்பதை அவர் மிகத் தூரம் கொண்டுபோனார். குறிப்பிட்ட ஆளுமை உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும், வேறு வகை ஆளுமைக்கு இருதயநோய் வரும் என்று றொனால்ட் குறோசார்த்-மற்றிசெக் என்பவரோடு சேர்ந்து எழுதிக் குவித்தார். அவர் இறந்து 22 ஆண்டுகள் கழித்து, 2019இல், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணை அந்தக் கூட்டாய்வுகளில் 26 கட்டுரைகள் நம்பத்தகாதவை என்று முடிவு செய்தது. கலங்கும் சுபாவம் என்ற அளவுகோல் இதனால் செல்லாததாகிவிடவில்லை. அது நன்கு சோதிக்கப்பட்ட ஒன்று. ஆயினும் நோயாளியின் குணத்தில் நோயின் காரணத்தைத் தேடும் ஆசை எவ்வளவு பெரியது, ஒரு பெரிய ஆராய்ச்சியாளரையும் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

குளோனிஞ்ஜர் என்ற அமெரிக்க உளமருத்துவர் 1993இல் வேறொரு பிரிப்பைத் தந்தார். எனக்கு அது கூடுதலாகப் பயன்படுகிறது. சுபாவம் வேறு, குணநலன் வேறு என்றார். சுபாவம் என்பது பெரும்பாலும் பிறப்போடு வரும் உணர்ச்சிப் பழக்கம்: ஆபத்தை விலக்கும் நாட்டம், புதுமையைத் தேடும் நாட்டம், பிறர் அன்பைச் சார்ந்திருத்தல், விடாப்பிடி. குணநலன் என்பது வாழ்க்கையில் வளர்வது. அதில் முக்கியமானது தன்வழிநடத்தல், அதாவது என் வாழ்வு என் கையில் இருக்கிறது, என் நோக்கங்களை நான் தெரிவுசெய்ய முடியும் என்ற உணர்வு. நாட்பட்ட நோ உள்ளவர்களிடம் இந்த வினாக்கொத்தைக் கொடுத்தபோது திரும்பத் திரும்பக் கிடைத்த தோற்றம் ஒன்றுதான். ஆபத்தை விலக்கும் நாட்டம் உயர்ந்திருக்கும், தன்வழிநடத்தல் தாழ்ந்திருக்கும். இந்த இரண்டும் சேருமிடத்தில் பதகளிப்பும் அதிகமாக இருக்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு வைத்தியர் 'பதகளிப்பு ஆளுமை' என்று எழுதினால் அவர் முற்றாகக் கற்பனை செய்கிறார் என்று சொல்லமுடியாது. ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. எது முதலில் வந்தது?

*

இந்தக் கேள்விக்குச் சில நல்ல பதில்கள் கிடைத்தும் அவை போதியளவு பரவவில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1940களில் உருவான ஆளுமை வினாக்கொத்து ஒன்று பல பத்தாண்டுகளாக நோ சிகிச்சை நிலையங்களில் பயன்பட்டது. முதுகு நோவுள்ளவர்கள் அதை நிரப்பினால் நோய்ப்பயம், ஹிஸ்டீரியா ஆகிய இரண்டும் உயர்ந்தும் இடையில் மனச்சோர்வு சற்றுத் தாழ்ந்தும் ஒரு 'வி' வடிவம் வரும். அதைப் பார்த்து, இந்தச் சுபாவமுள்ளவர்களுக்கே நாட்பட்ட நோ வருகிறது என்று பலர் எழுதினார்கள். 1975இல் ஸ்டேர்ன்பாக்கும் டிம்மர்மன்ஸும் எளிமையான ஒரு காரியம் செய்தார்கள். சிகிச்சையால் நோ குறைந்தவர்களிடம் அதே வினாக்கொத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். 'ஆளுமை' இறங்கியிருந்தது. நோவோடு வந்தது நோவோடு போயிற்று. 1986இல் தியோடோர் பிங்கஸும் சகாக்களும் மூட்டுவாத நோயாளிகளைப் பார்த்தபோது, உயர்ந்த புள்ளிகளில் பெரும்பகுதி உடம்பைப் பற்றிய கேள்விகளிலிருந்து வந்தது தெரிந்தது. உடம்பு பலவீனமாக இருக்கிறதா, வேலை செய்ய முடிகிறதா என்று கேட்டால் மூட்டுவாதக்காரர் வேறு என்ன பதில் சொல்வார்? அவருடைய நோய் அவருடைய ஆளுமையாக எண்ணப்பட்டது.

அதே வினாக்கொத்தில் யாரேனும் தன்னைப் பின்தொடர்வதாக நம்புகிறாரா என்ற கேள்வியும் உண்டு. ஆம் என்றால் சந்தேக நோய்க்கான புள்ளி ஏறும். வன்னியிலிருந்து வந்த ஒருவர் இதற்கு உண்மையான பதில் சொல்லிப் புள்ளி ஏறாமல் தப்புவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

ஆளுமை பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் 'வழக்கமாக' என்ற சொல் கிடக்கிறது. வழக்கமாக நீங்கள் கவலைப்படுபவரா? வழக்கமாகத் துணிந்து இறங்குபவரா? என்னோடு வேலை செய்பவரிடம் இப்படியொரு கேள்வியைத் தமிழில் கேட்டுப்பார்த்தேன். அவர் யோசித்துவிட்டு, "எப்பத்தைய நான், சேர்? முள்ளிவாய்க்காலுக்கு முந்தியோ பிந்தியோ?" என்றார். ஆளுமை உளவியல் முழுவதற்கும் இது ஒரு நேர்மையான ஆட்சேபனை. சுபாவம் என்பது காலத்தினூடு நிலைத்து நிற்பது என்பதே வரைவிலக்கணம். வழக்கம் என்ற ஒன்றே அறுந்துபோனவரிடம், அவருக்கு நோவும் அச்சமும் கூடிய நேரத்தில் ஒருமுறை அளந்துவிட்டு, அதைச் சுபாவம் என்று எழுதலாமா? தன்வழிநடத்தல் தாழ்ந்திருக்கிறது என்கிறார்கள். வேலை செய்யும் உரிமையின்றி, எங்கே இருக்கவேண்டும் என்பதைக்கூட வேறொருவர் தீர்மானிக்க, பத்து வருடம் முடிவுக்குக் காத்திருந்த ஒருவர் 'என் வாழ்வு என் கையில் இல்லை' என்று வினாக்கொத்தில் குறித்தால் அது குணநலன் குறைபாடா? அது ஒரு தகவல்.

*

இப்படிச் சொல்லும்போது நானும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறேன் என்பது தெரிகிறது. சுபாவத்துக்கு ஒரு பங்கும் இல்லை என்றால் ஒரே செல்லில் காயப்பட்ட இரண்டு சகோதரர்களில் ஒருவர் நடமாட, மற்றவர் படுக்கையோடு கிடப்பதை விளங்கப்படுத்த முடியாது. பங்கு உண்டு. அது வேலை செய்யும் இடம்தான் வேறு. சுபாவம் நோவை உண்டாக்குவதில்லை. நோ வந்தபின் அதற்கு ஒருவர் கொடுக்கும் அர்த்தத்தையும் அவர் எடுக்கும் அடுத்த அடியையும் அது சாய்க்கிறது.

2000ஆம் ஆண்டில் விளாயன், லின்டன் என்ற இரு உளவியலாளர்கள், 1980களிலிருந்து வளர்ந்துவந்த ஒரு கருத்தைத் தெளிவாக வரைந்து காட்டினார்கள். அதை அச்சமும் விலகலும் என்ற வட்டம் எனலாம். குனிந்தால் நோகிறது. 'உள்ளே ஏதோ முறிகிறது' என்று ஒருவர் நினைக்கிறார். அதனால் குனிவதை விடுகிறார். குனியாததால் தசை மெலிகிறது. மெலிந்ததால் அடுத்தமுறை கூடுதலாக நோகிறது. 'சொன்னேன்தானே, முறிகிறது' என்று நினைப்பு உறுதியாகிறது. கலங்கும் சுபாவமுள்ளவர் இந்த வட்டத்துக்குள் விழ வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இரண்டு விளக்கங்கள் இருக்கும்போது அவர் மனம் மோசமானதைத்தான் முதலில் எடுக்கும். உடம்பின் சிறிய சத்தத்தையும் கேட்பார். ஆனால் வட்டத்தைச் சுழற்றுவது 'முறிகிறது' என்ற நினைப்பு, சுபாவமல்ல. நினைப்பை மாற்றலாம். செல் துண்டு நகர்ந்து நரம்பை வெட்டிவிடும் என்று பயப்படும் ஒருவருக்கு, அது பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் இருப்பதைப் படம் காட்டி ஒரு வைத்தியர் ஆறுதலாக விளங்கப்படுத்தினால், சுபாவம் அப்படியே இருக்க வட்டம் தளரும். என் நண்பருக்கு அப்படி யாரும் விளங்கப்படுத்தவில்லை. துண்டு 'ஓடித்திரியுது' என்றுதான் அவர் இன்றுவரை எண்ணிக்கொண்டிருந்தார்.

இன்னொரு வகையினர் உண்டு. எமது சமூகத்தில் இவர்கள்தான் அதிகமோ என்று எண்ணுகிறேன். ஜேர்மன் உளவியலாளர் மொனிக்கா ஹாசன்பிறிங், விலகுவோரைப் போலவே தாங்குவோரும் நாட்பட்ட நோவில் போய் முடிகிறார்கள் என்று காட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடிப்பவர், நோவைப் பொருட்படுத்தாதவர், விடாப்பிடிக்காரர். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து, காலையில் கடை திறந்து, ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்குக் கதிரை அடுக்குபவர். இவருடைய சுபாவத்தை எவரும் நோயாக எழுதுவதில்லை. ஊரில் அது பாராட்டுக்குரியது. தாங்குவதே வீரம் என்று ஒரு தலைமுறைக்குப் போதித்தோம். ஒருநாள் முதுகு எழும்ப மறுக்கும்போது இவர் வைத்தியரிடம் போகிறார். அங்கே கணக்குத் தவறிய உடம்போடும், வாடகையைப் பற்றிய பதகளிப்போடும் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரைப் பார்த்து 'பதகளிப்பு ஆளுமை' என்று எழுதினால், முப்பது வருடம் பதகளிக்காமல் தாங்கியதுதான் நோவின் காரணம் என்பது மறைந்துவிடும்.

பெண்களைப் பற்றி எழுத இதைவிட நீண்ட கட்டுரை வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லலாம். உடம்பெல்லாம் உளைகிறது என்று சொல்லும் பெண்ணுக்கு ஊரில் 'நரம்புத் தளர்ச்சி' என்போம். 1869இல் ஜோர்ஜ் பியேர்ட் என்ற அமெரிக்கர் பரப்பிய நியூரஸ்தீனியா என்ற சொல்லின் பேரப்பிள்ளை அது. அங்கே அந்தச் சொல்லைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகளாகின்றன. நாம் விடவில்லை, ஏனென்றால் அது மரியாதையான சொல். மனம் என்று சொல்லாமல் நரம்பு என்று சொல்லித் தப்பலாம்.

*

இந்தத் தப்புதலுக்குக் காரணம் உண்டு. டூட்டிங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே இரண்டு வைத்தியசாலைகள். ஒன்று செயின்ட் ஜோர்ஜஸ், உடம்புக்கு. மற்றது ஸ்பிறிங்ஃபீல்ட், 1841இல் புத்தி பேதலித்த ஏழைகளுக்கான காப்பகமாகத் திறக்கப்பட்டு இன்றுவரை மனநோய்க்கான இடமாக இருப்பது. இரண்டுக்கும் இடையில் நடை தூரம்தான். எமது சனங்களின் மனதில் அந்தத் தூரம் கடக்க முடியாதது. பதகளிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் தன்னை முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு அனுப்புகிறார்கள் என்றுதான் கேட்கிறார்கள். டெகார்ட்டே ஒரு ஊரைத் திட்டமிட்டதுபோல.

ஆனால் மனம் உடம்பின் வழியாகப் பேசுவது எமக்குப் புதிதல்ல. தயா சோமசுந்தரமும் சிவயோகனும் 1994இல் பிரித்தானிய உளமருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட யாழ்ப்பாண ஆய்வில், எழுமாறாகத் தெரிந்த 98 பேரில் 64 சதவீதத்தினரிடம் போரின் உளசமூக விளைவுகள் காணப்பட்டன. அவற்றுள் முதலிடம் உடல் முறைப்பாடுகளாக வெளிப்படும் நெருக்கீட்டுக்கு: 41 சதவீதம். பதகளிப்பு நோய் 26 சதவீதம், பெருமனச்சோர்வு 25 சதவீதம். கேட்டவர்கள் எமது மொழி தெரிந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. இங்கே வைத்தியசாலைகளில் பரவலாகப் பயன்படும், 1983இல் உருவான பதகளிப்பு வினாக்கொத்தில் வயிற்றுக்குள் வண்ணத்துப்பூச்சி பறப்பதுபோன்ற பயம் பற்றி ஒரு கேள்வி உண்டு. ஆங்கிலேயருக்கு அது விளங்கும். எமக்கு வயிற்றைக் கலக்கும், நெஞ்சு இடிக்கும், தலைக்குள் எரியும், 'ஒரே யோசினை'யாக இருக்கும். நோ ஒன்றுக்கே நோ, உளைவு, கடுப்பு, குத்து, விறைப்பு, எரிவு என்று எத்தனை சொற்கள். எரிவும் மின்னல்போல் வெட்டுவதும் நரம்பு சேதமடைந்ததைக் காட்டக்கூடும், உளைவு வேறு. மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் போட்டுவிட்டால் வைத்தியருக்கு நோ மங்கலாகத் தெரியும், நோயாளியின் கலக்கம் மட்டும் துலக்கமாகத் தெரியும். கைகளைப் பின்னால் கட்டித் தூக்கினால் தோளுக்குப் போகும் நரம்புப் பின்னல் இழுபட்டுச் சேதமடையலாம் என்பதும், உள்ளங்காலில் அடித்தால் நடக்கும்போதெல்லாம் எரியும் நோ ஆண்டுக்கணக்கில் நிற்கலாம் என்பதும் சித்திரவதைக்குட்பட்டோரைப் பார்க்கும் வைத்தியர்கள் நன்கு பதிவுசெய்தவை. மற்றவர்கள் அதைத் தேடிப்பார்ப்பதில்லை. எக்ஸ்ரேயிலும் அது தெரிவதில்லை.

அடையாளம் தெரிந்தாலே நம்புவது சந்தேகம் என்பதையும் கண்டோம். முதுகிலும் கையிலும் சூட்டுத் தழும்புகளோடு வந்த இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், அவை அவரே வேறொருவரைக் கொண்டு சுடுவித்துக்கொண்டவையாக இருக்கலாம் என்ற வாதம் கீழ் மட்டங்களில் எடுபட்டு, 2019 மார்ச்சில் உயர்நீதிமன்றம்வரை போய்த்தான் தள்ளப்பட்டது. தழும்புக்கே இந்த நிலை என்றால் தழும்பில்லாத நோவோடு இருப்பவர் ஏன் பதகளிக்க மாட்டார்? நம்பப்படாமல் இருப்பது நோவைக் கூட்டும் என்பதற்கு இப்போது தனி ஆராய்ச்சியே இருக்கிறது. கனடாவில் மைக்கல் சலிவன் 2008இல் நோயாளிகளின் அநீதியுணர்வை அளக்கத் தொடங்கினார். அது உயர்ந்தவர்களில் நோவும் நீடித்தது, வேலைக்குத் திரும்புவதும் பிந்தியது. ஒரு வைத்தியர் எழுதும் ஒரு வரி சிகிச்சையின் பகுதியாகவோ நோயின் பகுதியாகவோ ஆகிவிடுகிறது.

சிகிச்சை என்று என்ன இருக்கிறது? அதிகமில்லை. சித்திரவதைக்குட்பட்டோரின் நாட்பட்ட நோவுக்கான சிகிச்சைகளை 2017இல் கொக்றேன் மீளாய்வு தேடியபோது தகுதியான ஆய்வுகள் மூன்றுதான் கிடைத்தன. மொத்தம் 88 பேர். அவற்றைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பொதுவான நாட்பட்ட நோவுக்கு, தெளிவான வேறு காரணம் இல்லாதவிடத்து, 2021 ஏப்ரலில் வந்த பிரித்தானிய வழிகாட்டி, பரசிற்றமோலும் ஓபியாய்ட் குளிசைகளும் தொடங்கவேண்டாம் என்கிறது. உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, குத்தூசி, சில மனச்சோர்வு மருந்துகள் என்பவற்றைச் சொல்கிறது. எமது ஆட்கள் 'நோவுக்குக் குளிசை கேட்டால் மனநோய்க் குளிசை தருகினம்' என்று கோபிப்பதன் காரணம் இதுதான். அந்தக் குளிசை நோ மறிக்கும் படலையிலும் வேலை செய்கிறது என்று எவரும் நின்று சொல்வதில்லை.

சுபாவத்தை அறிவது உண்மையில் உதவக்கூடிய இடம் இதுவே. செயின்ட் தோமஸ் வைத்தியசாலையில் 1988இல் தொடங்கியது போன்ற நோ முகாமைத்துவ வகுப்புகளில், விலகுபவருக்குப் பயந்த அசைவைச் சிறிது சிறிதாகச் செய்யப் பழக்குகிறார்கள். தாங்குபவருக்கோ நோ கேட்குமுன் நிறுத்தப் பழக்கவேண்டும். ஒரே மருந்தை இருவருக்கும் கொடுத்தால் ஒருவருக்குக் கெடுதலாகும். யார் எவர் என்று அறிய அவருடைய நாளை எப்படிக் கழிக்கிறார் என்று கேட்டாலே போதும்.

*

கடிதத்துக்குத் திரும்புகிறேன். அடுத்த வாரம் அவர் என்னிடம், "அந்தச் சுபாவம் எண்ட சொல்லை எடுத்துவிடச் சொல்லுங்கோ, சேர்" என்றார். உடல்நிலை காரணமாகக் கிடைக்கவேண்டிய உதவிக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். அந்தக் கடிதமும் சேர்த்து அனுப்பப்படவேண்டியது. சொல்லை எடுக்க எம்மால் முடியாது, கேள்வி கேட்கலாம் என்றேன். இருவருமாக இருந்து குடும்ப வைத்தியருக்கு ஒரு பக்கத்தில் எழுதினோம். இந்த ஆளுமை எந்த வினாக்கொத்தால், எந்த மொழியில் அளக்கப்பட்டது? 2009க்கு முன்னர் அவர் எப்படி இருந்தார் என்று எவரேனும் கேட்டார்களா? தோளுக்குப் போகும் நரம்புகள் சோதிக்கப்பட்டனவா?

கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். தனக்குப் பயம் இருப்பது உண்மை, அதை மறுக்கவில்லை, கையெழுத்து வைக்கப்போகும் கிழமைகளில் நோ கூடுவதும் உண்மை என்று. அதை எழுதவேண்டாம், எதிராகப் போய்விடும் என்று நான் தடுத்தேன். "உண்மையைத்தானே கேக்கினம்" என்றார். எழுதினோம். கடிதத்தை வரவேற்பு மேசையில் கொடுத்து ஐந்து கிழமைகளாகின்றன.